மாரியாயி வரவில்லை

"மாரியாயி."

தம்பையா மாஸ்டர் தலையைத் தூக்காமல் கூப்பிட்டார். பதில் இல்லை. பேனா முனை தாளுக்கு மேலே நின்றது. மறுபடியும் கூப்பிட்டார். தகரக் கூரையில் ரப்பர்க் கொட்டை ஒன்று விழுந்து உருண்டு போன சத்தம் மட்டும் கேட்டது.

"இண்டைக்கும் வரேல்லை," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு சின்ன வட்டம் போட்டார். இன்னும் நான்கைந்து பெயர்கள் கூப்பிட்டார். பிறகு, "தங்கம்."

"இருக்கேன் சார்," என்றேன் நான்.

இருக்கிறேன் என்று சொன்னவளும் நான். வரவில்லை என்று வட்டம் வாங்கியவளும் நான். நாற்பத்தொரு பள்ளி நாட்கள் இது இப்படியே நடந்தது. நாற்பத்தொன்று என்பது உத்தேசம் இல்லை. அப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.

மூவாரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். இந்தப் பத்திரிகைத் தொடரின் தலைப்பில் என் பெயர் மாரியாயி என்று இருக்கிறது, உள்ளே எல்லோரும் தங்கம் என்று கூப்பிடுகிறார்கள், இது அச்சுப்பிழையா என்று கேட்டிருக்கிறார். அச்சுக்கோப்பவர் மேல் குற்றம் இல்லை. குற்றம் என்று ஒன்று இருந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு. இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு தலை

ஜொகூரில், செடெனாக்கைத் தாண்டி வடக்கே போகும் ரயில் பாதையில் இருந்தது அந்த ஊர். பெயரை எழுதவில்லை. பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளை யாரும் இதைச் சொல்லிக் கேலி செய்யவேண்டாம்.

ஊர் என்றால் ஒரு ஸ்டேஷன், ஏழு கடைகள், ஒரு போலீஸ் சாவடி, ஓர் அரசாங்க ஆங்கிலப் பள்ளி. மற்றதெல்லாம் ரப்பர். ரப்பர் முடிகிற இடத்தில் காடு.

எங்கள் வீடு அந்த ஊரிலும் இல்லை. தெற்கே ஐந்து மைலில், எஸ்டேட் மண்சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் இருந்தது. அப்பா அங்கே கேட்மேன். ரயில் வரும் முன் கேட்டை மூடிப் பச்சைக் கொடி காட்டுவார். ரயில் போனதும் திறப்பார். அந்தக் கேட்டைக் கடந்த வண்டிகளைவிட மாடுகள் அதிகம். ஆனாலும் ரயில் நேரத்தில் அப்பா அங்கிருந்து நகரமாட்டார். பகலில் இரண்டு சரக்கு வண்டிகள் வரும். அவை எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாததால் அப்பா பகல் முழுவதும் நகரமாட்டார்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடை உண்டு. தோட்டத்து ஆட்களுக்காகக் காலை ரயிலும் சாயங்கால ரயிலும் அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். ஊழியர் பிள்ளை என்பதால் எனக்கு ரயிலில் இலவச பாஸ்.

பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் இருந்தது. அதற்குமேல் படிக்கவேண்டுமென்றால் தெற்கே ஜொகூர் பாருவுக்குப் போகவேண்டும், இல்லையென்றால் மேற்கே மூவாருக்கு. அங்கேயே தங்கவேண்டும். அப்பா இதை ஒரே தடவைதான் சொன்னார்:

"சாயங்கால வண்டியில வீடு வந்து சேரணும். ஒரு ராத்திரி வெளியில தங்குற படிப்பு நமக்கு வேணாம்மா."

அந்த வருஷம் முதல்முறையாக எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு திறக்க உத்தரவு வந்தது. பன்னிரண்டு பேர் சேரவேண்டும். முதல் பருவம் முடியும்போது பதிவேட்டில் ஒரு தலை குறைந்தாலும் வகுப்பை மூடிவிடவேண்டும். சுற்றிப் பதினைந்து மைலில் ஆறாம் வகுப்பு தேறிய பிள்ளைகளைத் தேடிப் பன்னிரண்டு சேர்ப்பது காட்டில் ஊசி பொறுக்குகிற வேலை.

வகுப்பு மூடினால் என் படிப்பு அதோடு சரி. அம்மாவின் தம்பி ஒருவர் செகாமட் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இருந்தார். கடிதம் போடும்போதெல்லாம் கடைசி வரியில் என் வயதைக் கேட்பார். வீட்டில் யாரும் அந்த வரியைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேசாததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வட்ட பிஸ்கட்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் பிறந்தபோது அப்பா தன் தாயின் பெயரை எனக்கு வைத்தார். மாரியாயி. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸரிடம் அந்தப் பெயரையே பதியச் சொன்னார். ரயில்வேயில் வேலை கிடைத்தபோது அங்கேயும் அதையே கொடுத்தார். என் பாஸில் அந்தப் பெயர்தான்.

ஆனால் மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது. மாமியார் கடலுக்கு அந்தப் பக்கம், முகம்கூட மறந்துபோகும் தூரத்தில் இருந்தாலும் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளைக்கே அந்தப் பெயர் என்றாலும் சொல்லக்கூடாது. அதனால் அம்மா என்னைத் தங்கம் என்று கூப்பிட்டாள். பள்ளியில் என்னைச் சேர்க்கப் போனவள் அம்மா. பெயர் என்ன என்று கேட்டதற்குத் தங்கம் என்றாள். பதிவேட்டில் 'வி. தங்கம்' ஆனேன்.

அம்மா இந்த விஷயத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மாரியம்மன் கோயிலை 'அம்மன் கோயில்' என்பாள். கடைகளில் விற்கும் மாரி பிஸ்கட் அவளுக்கு 'வட்ட பிஸ்கட்'. மலாய்க்காரர்கள் யாரையாவது பக்கத்தில் அழைக்கும்போது "மாரி சினி" என்பார்கள். இங்கே வா என்று அர்த்தம். இந்த நாட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும் வார்த்தை. அம்மா மீன்காரரைக் கூப்பிடும்போது "சினி, சினி" என்று மட்டும் சொல்வாள். அவர் முதலில் திகைத்தார், பிறகு பழகிக்கொண்டார்.

ஏழாம் வகுப்புக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பியவர் பழைய தலைமை ஆசிரியர். அவர் தமிழர் அல்லர். ஆறாம் வகுப்பு தேறியவர்களைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்தார், அதில் வி. தங்கம் இருந்தாள். ரயில்வே பிள்ளைகள் யாராவது உண்டா என்று ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டார். அவர் பாஸ் புத்தகத்தைப் பார்த்து 'மாரியாயி, தகப்பன் வீரப்பன், கேட்மேன்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். எங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவுடையது என்பது பழைய தலைமை ஆசிரியருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து எழுதினார். பன்னிரண்டு வந்தது. அனுப்பிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார்.

அவருக்குப் பதிலாக வந்தவர்தான் யாழ்ப்பாணத்துத் தம்பையா மாஸ்டர். ஒல்லியான மனிதர், சதா இருமல், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. அவருக்கு 'வி' யார் என்று தெரிந்துவிட்டது. அதனால் அவர் இன்னொரு தவறு செய்தார்.

"வீரப்பன்ரை பிள்ளையள் ரெண்டு பேரோ? மாரியாயி உமக்கு அக்காவே?" என்று முதல் நாள் என்னைக் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். பதினொரு தலைகளை நான் ஏற்கெனவே எண்ணியிருந்தேன். வகுப்பை எப்போது மூடுவார்கள் என்பதும் தெரியும்.

"எங்க வீட்டுலதான் சார் இருக்காங்க," என்றேன்.

அன்று மாலை, காலாவதியான ரயில் நேர அட்டவணை ஒன்றின் பின்பக்கத்தில், பென்சிலால் ஒரு வரி எழுதினேன். 'இன்று பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை.' முப்பது வருஷத்துக்கு மேலாக நான் எழுதிவரும் நாட்குறிப்பின் முதல் வரி அதுதான்.

மாஸ்டர் வந்த சனிக்கிழமை

மூன்று வாரம் வட்டம் போட்ட பிறகு மாஸ்டர் பொறுக்கமாட்டாமல் எங்கள் கேட்டுக்கே வந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை. அப்பா சரக்கு வண்டிக்காகக் கொடியோடு தண்டவாளத்தில் நின்றிருந்தார். மாஸ்டரை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அம்மா, மாரியாயி எங்கை? ஏன் பள்ளிக்கூடம் வரேல்லை?"

அம்மா திகைத்துப் போனாள். "அந்தப் பேருல... அது வந்துங்க..." என்றாள். முந்தானையை வாய்க்கு எடுத்துக்கொண்டாள். உள்ளறையைக் கையால் காட்டினாள். "உள்ளதான் இருக்காங்கய்யா. நான் எப்புடி அதச் சொல்லுவேன்..."

கதவிடுக்கில் என் பாவாடை ஓரம் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பதின்மூன்று வயதுப் பெண். உள்ளே மறைந்து நிற்கிறாள். தாய் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறாள். தமிழ் வீட்டில் இதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. மாஸ்டரின் காது சிவந்துவிட்டது.

"ஓம் ஓம், விளங்கிக்கொண்டன் அம்மா. நல்ல விஷயந்தானே. எல்லாம் முடிஞ்ச பிறகு ஆறுதலா அனுப்புங்கோ. பேரை நான் வெட்டேல்லை," என்று சொல்லிவிட்டு, காப்பியைக்கூடக் குடிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்தாள். "என்னா நல்ல விஷயம்? இந்த மனுஷன் என்னத்தப் புரிஞ்சிக்கிட்டாரு?" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்தடி எடுத்து வைத்து வெளியே வந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் வரவில்லை.

ஒரு தலை குறைந்துவிடுமோ என்று மாஸ்டருக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. அவர் ஸ்டேஷன் பக்கத்து மரைக்காயர் சாப்பாட்டுக் கடைக்குப் போனது இந்தச் சமயத்தில்தான். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர் மரைக்காயர். அவர் இளைய மகன் காதர் எங்கள் வகுப்பு. மூத்தவன் ஜமால் இரண்டு வருஷம் முன்பு ஆறாம் வகுப்பு தேறிவிட்டு ரொட்டிக் கல்லுக்கு முன் நின்றுவிட்டான். அவனுக்கு வயது வரம்பு இன்னும் தாண்டவில்லை. அவனையும் வகுப்பில் சேர்க்கும்படி மாஸ்டர் கேட்டார்.

மரைக்காயர் சொன்ன பதிலைக் காதர் மறுநாள் எங்களுக்கு நடித்தே காட்டினான்: "ரெண்டு புள்ளையில ஒன்ன ஒங்களுக்குக் குடுத்துட்டேன் மாஸ்டர். ஒன்ன எனக்கு விடுங்க. பாடம் படிச்சா ரொட்டி தானா பொரளுமா?"

ரயிலில் ஒரு சொங்கோக்

பருவம் முடிய ஒன்பது நாட்கள் இருந்தன.

அன்று காலை ரயிலில் ஒரே ஒரு பயணிகள் பெட்டிதான் இணைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் சரக்கு. எதிர் பெஞ்சில் ஒரு மலாய்ப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கறுப்பு வெல்வெட் சொங்கோக் தொப்பி, வெள்ளைக் கோட்டு, மடியில் ஒரு தோல் பை. டிக்கெட் பரிசோதகர் என் பாஸை வாங்கி வழக்கம்போல் உரக்கப் படித்தார்.

"மாரியாயி. தகப்பன் வீரப்பன். சரி."

பெரியவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். "மாரி என்றால் எங்கள் மொழியில் வா என்று அர்த்தம், தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எந்த வகுப்பு?"

"ஏழு, துவான்." ஏழு, ஐயா.

"பாகூஸ், பாகூஸ்," என்றார். நல்லது, நல்லது.

ஸ்டேஷனில் இறங்கியதும் நான் ஓடிவிட்டேன். அவர் மெதுவாக நடந்து வந்தார். நாங்கள் இரண்டாவது பாடத்தில் இருந்தபோது வகுப்பு வாசலில் நின்றார். மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் ஒரு பேனா கீழே விழுந்தது. அவர்தான் பள்ளிகளின் இன்ஸ்பெக்டர்.

யார் மாரியாயி?

அவர் விரலால் எங்களை எண்ணினார். பிறகு பதிவேட்டை எண்ணினார். மாரியாயி என்ற வரியில் விரல் நின்றது. வரிசை முழுவதும் சிவப்பு வட்டம்.

"பன்னிரண்டு பெயர். பதினொரு பிள்ளைகள். இவள் எங்கே?"

மாஸ்டர் கூச்சத்தோடு குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் பெரியவளாகிவிட்டாள், நானே வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், கொஞ்ச நாளில் வருவாள் என்று.

இன்ஸ்பெக்டர் ஆச்சரியப்பட்டார். "இன்று காலை நான் மாரியாயியோடு ரயிலில் வந்தேன். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே."

"அலமாக்!" என்றான் காதர், எல்லோருக்கும் கேட்கும்படி. ஐயையோ என்று அர்த்தம்.

"இல்லை சேர். அது தங்கம். அவளின்ரை தங்கச்சி," என்றார் மாஸ்டர்.

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். நான் பாஸை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார், பதிவேட்டைப் படித்தார், மறுபடியும் பாஸைப் படித்தார். காலையில் பார்த்த புன்னகை போய்விட்டது.

"இரண்டில் ஒன்று," என்றார் நிதானமாக. "இந்தப் பெண் அக்காவின் பாஸில் பயணம் செய்கிறாள். அப்படியென்றால் தகப்பனுக்கு வேலை இருக்காது. அல்லது மாரியாயி என்று ஒருத்தி இல்லை. அப்படியென்றால் எண்ணிக்கைக்காக யாரோ ஒரு பெயரை உண்டாக்கியிருக்கிறார்கள்." யாரோ என்று சொன்னபோது அவர் மாஸ்டரைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

நான் எழுந்தேன். முழங்கால் மேஜையில் இடித்தது.

"ரெண்டும் நான்தான் சார்."

மாஸ்டர் என்னிடம் வந்தார். "பிள்ளை, என்னைக் காப்பாத்தவெண்டு பொய் சொல்லாதையும். நான் என்ரை கண்ணாலை கண்டனான். உள்ளுக்கை ஒரு பிள்ளை நிண்டது."

"அது நான்தான் சார்."

"அப்ப ஏன் நீர் வெளியிலை வரேல்லை?"

"பன்னெண்டு வேணும்ல சார்," என்றேன்.

மாஸ்டர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

குழந்தையின் வார்த்தை போதாது, பெற்றவர்கள் வரட்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அப்பா கேட்டை விட்டு வரமுடியாது. மாஸ்டர் ஆள் அனுப்ப, ஜமால் கடையிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓடி, தண்டவாள வேலை மேஸ்திரியிடம் சொல்ல, அவருடைய தள்ளு டிராலியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

சுவரைப் பார்த்து

அம்மா வகுப்புக்குள் வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலையில் டிராலிச் சக்கரத்து மசை. இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார், அவள் உட்காரவில்லை. அவர் மலாயில் கேட்டார். அவளுக்குக் கடைத்தெரு மலாய் கொஞ்சம் தெரியும்.

"இந்தப் பிள்ளை பெயர் என்ன?"

"தங்கம், துவான்."

"சியாப்பா மாரியாயி?" யார் மாரியாயி?

அம்மா என்னைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு தமிழில் மாஸ்டரிடம், "அவுங்களும் இவதாங்கய்யா," என்றாள்.

"எங்கே, பெயரைச் சொல்லி இவள்தான் என்று சொல்லட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எங்க வீட்டுக்காரரு ஆத்தா பேருங்க. நான் எப்புடிச் சொல்லுவேன்?"

மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். சனிக்கிழமை முழுவதும் அந்த ஒரு நொடியில் அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். இன்ஸ்பெக்டருக்கு எடுத்துச் சொன்னார். அவர் கவனமாகக் கேட்டார்.

"எங்களுக்கும் அடாட் உண்டு, வழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன்," என்றார். "ஆனால் என் அறிக்கையில் அடாட் என்று எழுதமுடியாது. பெற்றவள் வாயிலிருந்து பெயர் வரவேண்டும். வராவிட்டால் இரண்டு பெண்கள் என்றே எழுதுவேன்."

அந்த நேரம் பார்த்து மரைக்காயர் தேநீர்த் தட்டோடு வந்தார். பெரிய அதிகாரி வந்தால் அவர் கடையிலிருந்துதான் தேநீர் வரும். அம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. தட்டைக் காட்டினாள்.

"துவான், இத்து! இத்து!" அது, அது என்று. "அது பேருதான் மொதல்ல வரும். அதுக்குப் பின்னாடி ஆயி."

இன்ஸ்பெக்டர் தட்டைப் பார்த்தார். ஒரு மாரி பிஸ்கட்டை எடுத்துத் திருப்பினார். "பிஸ்கட்?" என்றார்.

"பிஸ்கட்டாயி!" என்றான் காதர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

அம்மா பேனாவைப் பார்த்தாள். "வாத்தியாரய்யா, நான் சொல்லலன்னா எம்புள்ளைக்கு என்னா ஆகும்?"

"படிப்புப் போகும் அம்மா. உங்கடை அவருக்கு வேலையும் போகலாம்."

"சொன்னா?"

மாஸ்டர் இருமினார். "சொன்னாலும் பதினொண்டுதான். வகுப்பு நிக்குமெண்டு சொல்லமாட்டன். ஆனால் ஒருத்தரும் பொய்யர் எண்டு ஆகாது."

அம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உள்ளே வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, நிலப்படம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"மாரியாயி," என்றாள். மெதுவாக இல்லை. மீன்காரரைக் கூப்பிடுகிற குரல். "இவதான் மாரியாயி."

உடனே இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் அறையில் தெளிவாகக் கேட்டது. காதர் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் எழுதினார். பிறந்த பதிவும் பாஸும் ஒத்துப்போவதால் மாரியாயி இருக்கட்டும் என்று சொல்லி, தங்கம் என்ற வரியின்மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார். பாஸை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மாஸ்டரிடம், "பதினொன்று. பருவ முடிவில் மூடவேண்டியிருக்கும். வருந்துகிறேன்," என்றார். அதை அவர் சம்பிரதாயத்துக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

மரைக்காயர் இன்னும் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். தேநீர் ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது.

"மாஸ்டர்," என்றார். "அந்தப் பேரேட்டுல இன்னொரு வரி எடம் இருக்கா?"

"ஏன்?"

"இந்தத் தங்கச்சி சொல்லக்கூடாததையே சொல்லிட்டாங்க. நான் ரொட்டி பொரட்ட மாட்டேன்னு நிண்டா நல்லாவா இருக்கும்?" ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த மகனைப் பார்த்தார். "ஜமாலு, நாளைக்குச் சட்டைய மாட்டிக்கிட்டு வா."

ஜமால் வாயைத் திறந்தபடி நின்றான். "எந்தச் சட்டை வாப்பா?"

"இருக்குறதே ஒன்னு. எந்தச் சட்டையாம்!"

இன்ஸ்பெக்டருக்கு மாஸ்டர் மொழிபெயர்த்தார். அவர் பேனாவை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார், தட்டிலிருந்த பிஸ்கட்டையும் சாப்பிட்டார்.

பிறகு

மறுநாள் மாஸ்டர் பெயர் கூப்பிட்டார்.

"மாரியாயி."

"இருக்கேன் சார்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கறுப்பு மையில் ஒரு கோடு போட்டார். கடைசியில் ஜமால் பெயர் புதிதாக இருந்தது. அவன் கையில் மாவு இருந்ததாக நினைவு. நாட்குறிப்பில் அது இல்லை.

அந்தப் பதிவேட்டை யாராவது எடுத்துப் பார்த்தால், மாரியாயி என்ற மாணவி முதல் நாற்பத்தொரு நாட்கள் பள்ளிக்கே வரவில்லை என்றும், தங்கம் என்ற மாணவி ஒரு நாள்கூடத் தவறாமல் வந்துவிட்டுத் திடீரென்று நின்றுவிட்டாள் என்றும்தான் தெரியும். திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மாஸ்டரிடம் மன்னிப்பும் அந்த வருஷம் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கேட்டேன். "எதுக்குப் பிள்ளை?" என்றார். மறந்துவிட்டாரா, மறந்ததுபோல் இருந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று சாயங்கால ரயிலில் அம்மாவும் நானும் ஒன்றாகத் திரும்பினோம். பாதி வழி வரை அவள் சேலையில் ஒட்டிய மசையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லாத," என்றாள்.

"என்னம்மா?"

"நான் சொன்னத."

நான் சொல்லவில்லை. பெயர்க் குழப்பம் தீர்ந்தது என்று மட்டும் அப்பாவுக்குத் தெரியும். எப்படித் தீர்ந்தது என்று அவர் இருந்தவரை தெரியாது.

ஜமால் அடுத்த வருஷம் நின்றுவிட்டான். அதற்குள் கீழ் வகுப்பிலிருந்து ஆட்கள் ஏறிவிட்டார்கள். பன்னிரண்டுக்குப் பஞ்சம் வரவில்லை. வகுப்பு ஏழிலிருந்து எட்டு ஆனது, ஒன்பது ஆனது. ஒரு நாள் நான் பெரிய பரீட்சையும் எழுதினேன். முடிவு பத்திரிகையில் வந்தபோது மாஸ்டர் பென்சிலால் கோடிட்டு, சாயங்கால ரயில் கார்டிடம் கொடுத்து எங்கள் கேட்டுக்கு அனுப்பினார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது.

"எங்க இருக்கு?"

காட்டினேன். ஆங்கிலத்தில், பூச்சி போன்ற எழுத்தில், அவள் ஒரு தடவை மட்டும் சொன்ன பெயர். அம்மா விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"ரெண்டு பேரும் பாஸா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும்தாம்மா," என்றேன்.